பரிசும் பதிலும்

(ஜொகூர் பாருவில் எழுத்தாளர்களும் தமிழாசிரியர்களும் மாணவர்களும் கூடிய இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிற்றிதழுக்குச் சிறுகதை அனுப்புவது எப்படி என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். எப்படி அனுப்புவது என்பதற்கு முன்னால் ஏன் அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் சிறுகதை எழுதுகிறவருக்குப் பரிசு கிடைக்க வழி இருக்கிறது. பதில் கிடைக்கத்தான் வழி குறைவு. ஓர் எழுத்தாளரை வளர்ப்பது பதில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கதையைப் படித்த ஒருவர், எந்த இடத்தில் ஒன்றிப்போனேன், எந்த இடத்தில் விலகினேன் என்று எழுதியவரிடமே சொல்வதைத்தான் பதில் என்கிறேன். அதைக் கேட்டு வாங்கத் தகுந்த இடம் சிற்றிதழ். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை அதற்கான விளக்கங்கள்.

நாம் வந்த வழியை முதலில் பார்ப்போம். சி.கு. மகுதூம் சாயபு 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அதில் 1888இல் வந்த 'விநோத சம்பாஷணை'யை இந்த வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆக, இங்கே சிறுகதை பிறந்ததே ஓர் இதழில்தான். 1924இல் ஜொகூர்ப் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கியது. 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' சிங்கப்பூரில் வந்தது. இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருந்த ஜொகூருக்கு வடக்கே ஒரு பத்திரிகை, தெற்கே ஒரு பத்திரிகை.

அந்தப் பத்திரிகைகள் கதைகளை அச்சிட்டதோடு நிற்கவில்லை. 1950, 51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வழியாகக் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதுவதைப் பாடமாக வகுத்துப் பத்திரிகையிலேயே வெளியிட்டார்கள்; சேர்ந்தவர்களுக்குத் தேர்வும் வைத்தார்கள். தோட்டப் பள்ளியில் தொடக்கக் கல்வியோடு படிப்பு முடிந்துபோன ஓர் இளைஞர், பகலில் பால்மரம் சீவிவிட்டு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து கதை எழுதக் கற்றுக்கொள்ள அந்த வகுப்பு வழி செய்தது. பின்னாளில் பெயர் பெற்ற பலர் அதில் பயின்றவர்கள்.

1952இல் கு. அழகிரிசாமி மலாயா வந்தார். 'தமிழ் நேசன்' ஞாயிறு பதிப்பைக் கவனித்துக்கொண்டு 1957 வரை இங்கே இருந்தார். தமிழின் மிகச் சிறந்த சிறுகதையாசிரியர்களில் ஒருவர், இந்த மண்ணின் இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். கதைகளின் நிறை குறைகளை அவர்களோடு உட்கார்ந்து பேசினார். இது எவ்வளவு பெரிய கொடை என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நீங்கள் எழுதும் கதையை அழகிரிசாமி படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் எப்படி எழுதுவீர்கள்? ஒரு நல்ல வாசகர் எதிரே இருக்கிறார் என்ற நினைப்பே எழுத்தை நிமிர்த்திவிடும்.

அதற்குப் பின் வந்த காலத்தில் போட்டிகள் பெருகின. 1962இல் தமிழ் எழுத்தாளர் சங்கம் அமைந்தது. 'தமிழ் நேசன்' நல்ல கதைகளுக்குப் பவுன் பரிசு கொடுத்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்தவற்றைப் 'பேரவைக் கதைகள்' என்று நூலாக்கி வந்தது. இவர்கள் செய்ததை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். தேசிய இலக்கியம் என்ற இடம் மலாய் மொழி இலக்கியத்துக்கு உரியதாக இருக்கும் நாட்டில், தமிழில் எழுதுகிறவருக்குச் சமூகம்தான் துணை. அந்தச் சமூகம் கைக்காசைப் போட்டுப் பரிசு கொடுத்தது. கல்லூரி மாணவர்கள் கதை எழுத வந்ததே பேரவைப் போட்டியால்தான் என்று சொல்லும் ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது.

ஆனால் போட்டியால் செய்ய முடியாத ஒன்று உண்டு. நடுவராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். கதைகள் கட்டாக வரும். பெயர் இருக்காது, எண் இருக்கும். கருவுக்கு இத்தனை, மொழிநடைக்கு இத்தனை, முடிவுக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும். படித்துக்கொண்டே போகையில், பரிசுக்கு எட்டாத ஒரு கதையில் திடீரென்று ஒரு பத்தி உயிரோடு எழுந்து நிற்கும். ஓரத்தில் பென்சிலால், 'இந்த இடம் அருமை. அடுத்த பக்கத்தில் ஏன் இவ்வளவு அவசரம்?' என்று குறித்து வைப்பேன். புள்ளிப் பட்டியல் ஏற்பாட்டாளரிடம் போகும். குறிப்பு அந்தத் தாளிலேயே தங்கிவிடும். எழுதியவருக்குத் தெரிவது தம் பெயர் பட்டியலில் இல்லை என்பது மட்டும். தாம் எழுதிய அந்தப் பத்தி அருமையானது என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பதில் இல்லாத இடத்தில் எழுத்தாளர் என்ன செய்வார்? போன ஆண்டு பரிசு பெற்ற கதையை எடுத்துவைத்துப் பார்ப்பார். அதில் குடிகார அப்பா இருந்தால் இவர் கதையிலும் ஒருவர் வந்துவிடுவார். கடைசிப் பத்தியில் மகன் பட்டம் வாங்கியிருந்தால் இங்கேயும் வாங்குவான். தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலும் குடியும் வறுமையும் நம் மக்கள் பட்ட உண்மையான துயரங்கள். அவற்றைப் பற்றி எழுதுவதில் ஒரு குற்றமும் இல்லை. நடுவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து எழுதும்போதுதான் அந்தத் துயரம் கதையிலிருந்து நழுவிப்போகிறது.

இங்கேதான் சிற்றிதழ் வருகிறது. தமிழ்நாட்டில் 1935இல் பி.எஸ். ராமையா 'மணிக்கொடி'யைச் சிறுகதைகளுக்கான இதழாக நடத்தத் தொடங்கியபோது, அதைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவர் கதையை ஒருவர் படித்துச் சண்டை போட்டார்கள். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். பெரும் விற்பனையை எண்ணாமல், தேடி வரும் வாசகரை மட்டும் நம்பி நடத்தினார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். இதழ்க் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். போர்க்காலத்தையும் தாண்டி நானூறு இதழ்கள் அளவுக்கு அது வந்தது. இவர்கள் யாரிடமும் பணமில்லை. இருந்ததெல்லாம் எது நல்ல எழுத்து என்பதில் ஒரு பிடிவாதமும், புதிதாக எழுத வருகிறவர்மேல் அக்கறையும்தான்.

நம் நாட்டிலும் அந்த மரபு உண்டு. 2006இல் 'காதல்' இதழ் வந்தது. 2007இல் ம. நவீன் 'வல்லினம்' இதழை அச்சில் தொடங்கினார். 2009இலிருந்து அது இணையத்தில் வருகிறது. கே. பாலமுருகன் 'அநங்கம்' நடத்தினார். ஏ. தேவராஜன் கவிதைக்கென்றே 'மௌனம்' நடத்தினார். சில இதழ்கள் சில ஆண்டுகளில் நின்றன. ஆனாலும் அவை எழுப்பிய பேச்சு நிற்கவில்லை. 2019இல் 'தமிழ் நேசன்' மூடப்பட்டபோது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கதைகளுக்கு இடம் கொடுத்துவந்த ஒரு பத்திரிகையை இழந்தோம். எஞ்சியிருக்கும் ஞாயிறு பதிப்புகளில் இடம் சுருங்கிவிட்டது. நீளமான, நிதானமான ஒரு சிறுகதைக்கு இனி சிற்றிதழை விட்டால் இடம் அரிது.

இனி, அனுப்பும் முறைக்கு வருகிறேன்.

முதலில், இதழைப் படியுங்கள். ஓர் இதழின் நான்கைந்து வெளியீடுகளையாவது படிக்காமல் அதற்குக் கதை அனுப்பாதீர்கள். எந்த வகைக் கதைகளை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், எவ்வளவு நீளம் ஏற்கிறார்கள் என்பது படித்தால்தான் தெரியும். படிக்காமல் அனுப்பப்பட்ட கதையை இதழாசிரியர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்வார்.

எழுதி முடித்த அன்றே அனுப்பாதீர்கள். சில வாரங்கள் கிடக்கட்டும். பிறகு எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் தடுக்கிறது. பேச்சு வரும் இடங்களைத் தனியாகப் படித்துப் பாருங்கள். மாசாய் தாமானில் வாழும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது மதுரைத் திரைப்படத்தில் வருவதுபோல ஒலித்தால், அதை நம் பேச்சுக்குத் திருத்துங்கள். நம் பேச்சில் கலந்திருக்கும் மலாய்ச் சொற்களுக்காகத் தயங்க வேண்டாம். சூழல் சரியாக இருந்தால் எந்த ஊர் வாசகருக்கும் புரியும். நம் நாட்டு எழுத்தாளர் சீ. முத்துசாமியின் தோட்டத்துக் கதைகளைப் படித்துத்தான் 2017இல் தமிழ்நாட்டிலிருந்து அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள்.

கதையை யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் கையில் இருக்கும்போது அதில் சிரமமே இல்லை. திருத்தக்கூடிய வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். கைப்பேசியில் எடுத்த படமாக அனுப்பினால் ஆசிரியர் முழுக் கதையையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டிவரும். ஒற்றுப்பிழைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மின்னஞ்சலில் கதையின் தலைப்பு, உங்கள் பெயர், ஊர், இதற்கு முன் வெளிவராத கதை என்ற உறுதி ஆகியவை போதும். கதை எதைப் பற்றியது, என்ன கருத்தைச் சொல்கிறது என்று கடிதத்தில் விளக்காதீர்கள். அந்த வேலையைக் கதை செய்யட்டும்.

ஒரு கதையை ஒரே சமயத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். சிற்றிதழை நடத்துகிறவர் பகலில் ஆசிரியராகவோ அலுவலக ஊழியராகவோ வேலை பார்த்துவிட்டு, இரவில் உங்கள் கதையோடு உட்காருகிறவர். அவர் திருத்தம் சொல்லி அனுப்பும்போது, 'இது வேறோர் இதழில் வந்துவிட்டது' என்று பதில் போனால் அவருடைய உழைப்பு வீண். அனுப்பிய கதையை முகநூலில் போட்டுவிடாதீர்கள். இதழ் சொன்ன கால அளவு முடியும்வரை காத்திருங்கள். முடிந்த பிறகு மரியாதையாக ஒருமுறை கேளுங்கள். அப்போதும் பதில் இல்லை என்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு வேறிடம் அனுப்பலாம்.

இதழாசிரியர் ஒரு கதையை எப்படிப் படிக்கிறார் என்பதைக் காட்ட, உதாரணத்துக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கதை. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒருவர். தொடக்கம் இப்படி இருக்கிறது: 'வாழ்க்கை என்பது ஒரு போராட்டம். அந்தப் போராட்டத்தில் தினமும் வென்றும் தோற்றும் வருகிறவர்களில் குமாரும் ஒருவன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தன் குடும்பத்துக்காக அண்டை நாட்டுக்குச் சென்று உழைக்கும் அவனுடைய மனத்தில் ஆயிரம் கவலைகள்.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் குமாரை நமக்குத் தெரியவில்லை. அக்கறையுள்ள ஆசிரியர் என்றால் ஓரத்தில் சில கேள்விகள் எழுதுவார். அவன் கடப்பிதழை எங்கே வைத்திருக்கிறான்? மழை பெய்தால் என்ன செய்வான்? சோதனைச் சாவடி வரிசையில் அவனுக்கு முன்னால் நிற்பவர் யார்? எழுதியவர் அந்தக் கேள்விகளோடு உட்கார்ந்து மறுபடி எழுதுகிறார்: 'குமார் கடப்பிதழை ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். போன வாரம் மழையில் ஓரம் நனைந்து, அதிகாரி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பின்னால் பிள்ளை இருமும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று நின்றான். மணி நாலேகால். இன்னும் பத்து நிமிடம் தாமதித்தால் வரிசை பாலத்துக்கு வந்துவிடும்.'

போராட்டம் என்ற சொல் போய்விட்டது, போராட்டம் வந்துவிட்டது. பிள்ளையின் இருமலுக்கும் பாலத்து வரிசைக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்கிறான். கதை அங்கேதான் தொடங்குகிறது. முந்தைய தொடக்கத்துக்கும் போட்டியில் சுமாரான புள்ளி கிடைத்திருக்கும். ஆனால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உலகெங்கும் நல்ல எழுத்தாளர்கள் இப்படி ஒருவர் கேட்டதால் நிமிர்ந்திருக்கிறார்கள். ஆன்டன் செக்காவ் இளம் மருத்துவராக நகைச்சுவை ஏடுகளுக்கு அவசர அவசரமாகக் கதை எழுதிக்கொண்டிருந்தார். 1886இல் மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: உனக்கு மெய்யான திறமை இருக்கிறது, அவசரமாக எழுதி அதை வீணாக்காதே என்று. எந்தக் கதைக்கும் தாம் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதில்லை என்று செக்காவ் மனம் நெகிழ்ந்து பதில் எழுதினார். அவருடைய புகழ்பெற்ற கதைகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுதியவை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பில், பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டினார். புத்தகத்தை நிறுத்தச் சொல்லிக் கார்வர் வேதனையோடு கடிதம் எழுதினார். ஆனாலும் புத்தகம் வெட்டிய வடிவில்தான் வந்தது. அது புகழ் பெற்றது என்றாலும் அந்தக் காயம் ஆறவில்லை. ஆகவே, ஆசிரியர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்கும் கேள்வியை ஏற்றுக்கொள்ளுங்கள். விடையை நீங்கள் எழுதுங்கள். கதையின் உயிர் போய்விடும் என்று தோன்றினால், காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். நல்ல ஆசிரியர் அதை மதிப்பார்.

கதை திரும்பி வந்தால் என்ன செய்வது? அன்றைக்கு வருத்தப்படுங்கள், அது இயல்பு. பிறகு, காரணம் சொல்லியிருந்தால் அந்தக் காரணத்தோடு கதையை மறுபடி படியுங்கள். உண்மை என்று பட்டால் திருத்துங்கள். படவில்லை என்றால் அப்படியே வேறோர் இதழுக்கு அனுப்புங்கள். இதழ் நடத்துகிறவரோடு பகை கொண்டு, எழுதுவதையே நிறுத்திவிட்ட திறமைசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். இழப்பு அவர்களுக்கு மட்டுமா? நமக்கும்தான். மலேசியச் சிறுகதைகளைத் தேடித் திரட்டிச் சை. பீர்முகம்மது 'வேரும் வாழ்வும்' என்று மூன்று தொகுதிகள் கொண்டுவந்தார். அப்படி ஒருவர் நாளைக்குத் தேடும்போது உங்கள் கதை இருக்க வேண்டாமா?

இதழ் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கதை கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எவ்வளவு காலத்தில் முடிவு தெரியும் என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் விரிவாக எழுத நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். எழுத்தில் பொறி தெரியும் சிலருக்காவது இரண்டு வரி எழுதுங்கள். போட்டி நடத்தும் இயக்கங்களும் இதைச் செய்யலாம். நடுவர்களின் குறிப்பை, பரிசு பெறாத முதல் பத்துப் பேருக்கு அனுப்பி வையுங்கள். பரிசுத் தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஜொகூர் நண்பர்களே, எழுதுவதற்கு உங்களிடம் இருப்பது கொஞ்சமா? தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கும் எல்லை உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் 18இல் அந்த எல்லை அடைபட்டது. 2022 ஏப்ரலில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் பாலத்துக்கு அப்பால் தங்கிப்போன அப்பாக்களின் கதை எத்தனை வீடுகளில் இருக்கிறது! 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அன்று வகுப்பறையில் இருந்த ஆசிரியர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த பாட்டிகள் இருக்கிறார்கள். தோட்டம் இருந்த நிலத்தில் தரவு மையங்கள் எழும்புகின்றன. இவற்றைச் சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ யாரும் வந்து எழுதித் தர முடியாது.

இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்திலும் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுங்கள். பள்ளி நூலகம் போதும். பள்ளி இல்லாத நாளில் ஒருவர் வீட்டுக் கூடம் போதும். ஒருவர் எழுதிய கதையை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வாருங்கள். புகழ்வதையும் பழிப்பதையும் விட்டுவிட்டு, எங்கே ஒன்றினோம், எங்கே விலகினோம் என்பதை மட்டும் சொல்லுங்கள். திருத்தியதை இதழுக்கு அனுப்புங்கள். வரும் பதிலை, அது மறுப்பாக இருந்தாலும், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து படியுங்கள். கதை வகுப்பு அன்று பத்திரிகை வழியாகச் செய்ததை, அழகிரிசாமி இலக்கிய வட்டத்தில் செய்ததை, நாம் நமக்குள்ளேயே செய்துகொள்ள முடியும்.

அடுத்த சிறுகதைப் போட்டிக்கும் தாராளமாக எழுதுங்கள். பரிசு வந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், பாதியில் விட்டுவைத்திருக்கும் அந்தக் கதையை முடித்து, திருத்தி, ஒரு சிற்றிதழுக்கு அனுப்புங்கள்.